மணிமுத்தாறுக்கு எதற்கு இத்தனை கருப்பட்டி?

"கொலையா, களவா, கல்யாணமா?" என்று கேட்டாள் உலகம்மாள் அக்கா.

யார் படியேறி வந்தாலும் எங்கள் நிலையத்தில் முதல் கேள்வி அதுதான். பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே, 'உலகம் துப்பறியும் நிலையம்' என்று பலகை தொங்குகிறது. கொலை இதுவரை வந்ததில்லை. களவு ஒரே ஒரு தடவை வந்தது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அந்த ஆடு தானாகவே வீடு திரும்பிவிட்டது. மற்றதெல்லாம் கல்யாணம்தான். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணின் அண்ணன் சண்டைக்காரனா, மாமியார் எப்படி என்று விசாரித்துச் சொல்வோம்.

படியேறி வந்த பெண் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "கருப்பட்டி."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அவள் வேணி. பொருநை கணினி மையத்தின் மாலை வகுப்பில் எனக்குப் பாடம் எடுப்பவள். என்னைவிட இளையவள்தான். ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே.

"உக்காருலே சங்கிலி. நீ நிக்கத பாத்தா, வந்தவங்க உன்னைய வாடிக்கைக்காரன்னு நெனச்சிருவாங்க" என்றாள் அக்கா.

என் முழுப் பெயர் சங்கிலிபூதத்தான். அக்காவுக்கு அவ்வளவு நேரம் இருப்பதில்லை.

வேணி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்தாள். பிறகு அழுவதில்லை என்று முடிவு செய்தவள் போல அதை மடித்து உள்ளே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

மையத்தில் 'கேள்விப் பலகை' என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பலகை. மையத்தில் உட்கார்ந்தும் எழுதலாம், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் கிளைகளிலிருந்து டெலிபோன் வழியாகவும் எழுதலாம். ஒருவர் சந்தேகம் கேட்பார், தெரிந்தவர் பதில் எழுதுவார். சொந்தப் பெயர் வேண்டாம், பட்டப்பெயர் போதும். கூச்சப்படும் பிள்ளைகளும் கேட்க வேண்டும் என்பதற்காக வேணி செய்த ஏற்பாடு அது.

"ஆரம்பத்துல எல்லாரும் கேள்வி மட்டும்தான் கேட்டாங்க அக்கா. ஒருத்தரும் பதில் எழுதல. அதான் உதவி செய்யுதவங்களுக்குத் தானா பரிசு குடுக்குத மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். அதுக்குப் பேரு கருப்பட்டிக்காரன். கேட்டவரு சந்தேகம் தீந்ததும் 'தீர்ந்தது'ன்னு அமுக்கணும். உடனே உதவினவரு பேருக்கு ஒரு சில்லு கருப்பட்டி ஏறிரும். அந்தக் கேள்வியும் அழிஞ்சிரும். டிஸ்க்குல எடம் பத்தாது."

"உதவினது யாருன்னு உங்க கருப்பட்டிக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

"பதில் கிடைச்சதும்தானே 'தீர்ந்தது' அமுக்குவாங்க? அதனால கேட்டவரைத் தவிர, கடைசியா யாரு எழுதியிருக்காங்களோ அவங்கதான் உதவினவங்க. அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். இந்த விதி எனக்கு மட்டும்தான் தெரியும். வெளிய சொன்னா ஏமாத்துவாங்கல்லா?"

"சரி. இப்ப யாரு ஏமாத்துதா?"

"மணிமுத்தாறு."

"ஆறா?"

"பட்டப்பேரு அக்கா. யாருன்னே தெரியல. ஒருத்தருக்கும் ஒரு பதிலும் சொன்னதில்ல. ஆனா அதுக்குத்தான் எல்லாரையும் விடக் கருப்பட்டி கூட. ஜெயிச்சவங்களுக்கு மேல்படிப்பு வகுப்புல இலவச இடம்னு மையத்தை நடத்துத சார் கேள்விப் பலகையில எழுதிப் போட்டிருக்காரு. இன்னைக்குத்தான் முடிவு."

"உங்க சாரு என்ன சொல்லுதாரு?"

வேணியின் குரல் தணிந்தது. "புரோகிராம் எழுதினவளே கள்ளப் பேருல வந்து தனக்குக் கருப்பட்டி போட்டுக்கிட்டான்னு சொல்லுதாரு. இன்னைக்குச் சாயங்கால வகுப்புல எல்லாருக்கும் முன்னால சொல்லி அனுப்பப் போறாராம். வேலை போனாப் போட்டும். திருடின்னு பேரு வாங்கிட்டுப் போனா இந்த ஊருல வேற எந்த மையம் என்னையச் சேக்கும்?"

அக்கா எழுந்து குடையை எடுத்தாள். வெயிலோ மழையோ, குடை எடுத்தால் கேஸ் எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

"இந்தப் பந்தயத்துல ரெண்டாவது யாரு?"

"சேக் முகம்மதுன்னு ஒருத்தரு. அம்பாசமுத்திரம் கிளை. உண்மையா ராப்பகலா பதில் எழுதுதவரு அவருதான்."

"மணிமுத்தாறு எந்தப் பக்கம்? அம்பாசமுத்திரம் பக்கம். ரெண்டாவது ஆளு எங்கன? அம்பாசமுத்திரத்துல. கிளம்புலே சங்கிலி."

பஸ்ஸில் ஜன்னலோரம் அக்காவுக்கு. எனக்குப் பக்கத்தில் ஒரு வாழைத்தார், அதற்குப் பக்கத்தில் அதன் சொந்தக்காரர். சேரன்மகாதேவி தாண்டி இருபுறமும் வயல் பச்சை கட்டி நின்றபோது, நான் மனதுக்குள் சந்தேகங்களை வரிசைப்படுத்தினேன். ஒன்று, சேக் முகம்மது இரண்டு பெயரில் எழுதுகிறார். இரண்டு, புரோகிராமில் கோளாறு. மூன்று, வேணி டீச்சரேதான். மூன்றாவதை நினைத்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. ஆனால் துப்பறிகிறவன் யாரையும் விடக்கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பதிலும் சந்தேகம் வந்தது. அது நான்காவது.

"என்னலே, முகத்துல வெளக்கெண்ணெய் வடியுது?"

"யோசிக்கேன் அக்கா."

"பைய யோசி. வாழைக்காய் பழுத்துரப் போகுது."

சேக் முகம்மது அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் டெலிபோன், வெளியே ஒரு கம்ப்யூட்டர். அதன் தலையில் ஒரு வெள்ளைத் துண்டு. அதுதான் பொருநை மையத்தின் அம்பாசமுத்திரம் கிளை. மொத்தக் கிளையும் அவ்வளவுதான்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "பாய், மணிமுத்தாறு நீங்கதானே?"

அவர் சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க போங்க. அணை பக்கத்துல இருக்கறதால நானும் ஆறாயிருவனா? நானா இருந்தா ரெண்டாவது எடத்துல உக்காந்து ஏங்கிக்கிட்டு இருப்பனா?"

"ரெண்டு பேருல எழுதினா ரெண்டு எடமும் உங்களுக்குத்தானே?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"தம்பி, ஒரு பேருல எழுதவே எனக்கு நேரம் இல்ல. ஒரு பக்கம் துபாய்க்குப் பேச ஆளு நிக்கும், ஒரு பக்கம் அழுதுக்கிட்டுப் பேசுததுக்குத் தண்ணி குடுக்கணும். நடுவுல உங்க சந்தேகத்துக்கு வேற பதில் எழுதணும். 'பிரிண்டர் அச்சடிக்க மாட்டேங்கு'ன்னு போன வாரம் ஒருத்தன் கேட்டான். காகிதம் வச்சியான்னேன். வைக்கலையாம்."

அது நான்தான். வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா கேட்டாள்: "அந்த மணிமுத்தாறு உங்ககிட்ட எழுதியிருக்கா?"

"எழுதாமயா? நெதமும் கேக்கும்."

"என்ன கேக்கும்?"

"சாப்டாச்சான்னு கேக்கும்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல என்ன கேக்கணுங்கீங்க? என் மாமியா அதுகூடக் கேக்க மாட்டா."

அக்கா குடையைக் கீழே வைத்தாள். "எப்பக் கேக்கும்? சரியாச் சொல்லுங்க பாய்."

"எல்லாம் முடியுத நேரத்துல. நானும் அப்பப்ப சந்தேகம் கேப்பேன்லா? யாராவது பதில் எழுதுவாங்க. சரின்னு கிளம்பப் போவேன். அப்ப இது வந்து 'சாப்டாச்சா?'ங்கும். 'ஆச்சு'ன்னு எழுதிட்டு 'தீர்ந்தது'ன்னு அமுக்கிருவேன். ஒரு மனுச உசுரு சாப்டாச்சான்னு கேக்கும்போது பதில் சொல்லாம எந்திரிச்சுப் போக முடியுமா?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கூண்டுக்குள் துபாய்க்குப் பேசிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததுபோல நானும் கொஞ்சம் சிரித்தேன்.

"சும்மா பல்லைக் காட்டாதலே. கடைசியா எழுதினவங்களுக்குத்தான் கருப்பட்டின்னு டீச்சர் சொல்லிச்சா இல்லையா? பாடுபட்டுப் பதில் எழுதினது பாயி. கடைசியா வந்து சாப்டாச்சான்னு கேட்டது மணிமுத்தாறு. கருப்பட்டி யாருக்கு?"

எனக்கு உறைத்தது. சேக் முகம்மதுவுக்கும் உறைத்தது. "யா அல்லா! எனக்குப் பதில் சொன்னவங்க கருப்பட்டியைப் பூரா நானே 'ஆச்சு'ன்னு சொல்லித் தூக்கிக் குடுத்திருக்கனா?"

"நீங்க மட்டும் இல்ல, எல்லாரும். உங்களுக்கு வர வேண்டியதும் அப்படித்தான் போச்சு. நம்ம ஊருல எந்தப் பேச்சுலே சாப்டாச்சான்னு கேக்காம முடியுது?"

"ஆனா டீச்சர் கண்ணுல இது ஏன் படல அக்கா?" என்றேன்.

"உன்கிட்ட நெதம் எத்தனை பேரு சாப்டாச்சான்னு கேக்காங்க? அதை யாராவது பேச்சுன்னு கணக்குல வைப்பாங்களா? காத்து மாதிரி வரும், போகும்."

கேஸ் முடிந்தது என்று நினைத்து நான் எழுந்தேன். அக்கா எழவில்லை. சிரிப்பும் போய்விட்டது.

"இப்பத்தான்லே டீச்சருக்குக் கழுத்துல கத்தி. கடைசியில எழுதினாத்தான் கருப்பட்டின்னு தெரிஞ்ச ஒரே ஆளு யாரு?"

என் மூன்றாவது சந்தேகம் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

அக்கா சேக் முகம்மதுவிடம் திரும்பினாள். "அது எப்பவும் இதே மாதிரிதான் கேக்குமா? என்னைக்காவது மாறிக் கேட்டிருக்கா?"

அவர் தாடியைத் தடவினார். "ஒரே ஒரு நாள். ஆடி அமாவாசை அன்னைக்கு. பாபநாசத்துல முழுக்குப் போட்டு வந்த கூட்டம் பூரா என் பூத்துலதான் நின்னுச்சு, அதான் ஞாபகம் இருக்கு. எல்லாரும் போன பொறவு, கடை அடைக்கப் போற நேரத்துல பலகையைத் தொறந்தேன். 'பலகாரம் ஆச்சா?'ன்னு கேட்டுச்சு. நான் அன்னைக்கு ரெண்டு பஜ்ஜி தின்னிருந்தேன். இதுக்கு எப்படித் தெரியும்னு நெனச்சுக்கிட்டு 'ஆச்சு'ன்னுட்டேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னலை மறந்துவிட்டாள்.

"ஏலே, உன்கிட்டயும் அது கேட்டிருக்கா?"

"கேட்டிருக்கு அக்கா. ஆரம்பத்துல நான் கேள்வி எழுதி முடிக்கவும் உடனே கேக்கும். அப்புறம் போகப் போக, பதில் வந்த பொறவுதான் கேக்கும். கடைசியா கேட்டது அந்தப் பெருமழை அன்னைக்கு. கேபிள் அறுந்து டெலிபோன் எல்லாம் செத்துப் போச்சே, சார்கூட வாசல்ல நின்னு லைன்மேனைத் திட்டிக்கிட்டு..."

நான் நிறுத்தினேன். நிறுத்தியதற்குக் காரணம், அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடி.

"டெலிபோன் செத்துக் கிடந்த அன்னைக்கு வெளியூருல இருந்து எப்படிலே எழுத முடியும்?"

முடியாது. அப்படியானால் மணிமுத்தாறு மையத்துக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டடத்துக்குள்ளேயே இருப்பவர் யார்? வேணி டீச்சர். டீச்சரைக் காப்பாற்றக் கிளம்பி, அவளைக் கட்டிப்போட நானே கயிறு எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"அழாதலே. பாயி கடை அடைக்குத நேரத்துல உங்க மையம் தொறந்திருக்குமா?"

"இல்ல அக்கா. வகுப்பு முடிஞ்சதும் சாரே பூட்டிருவாரு."

"டீச்சர் எங்கன தங்கியிருக்கு?"

"லேடீஸ் ஹாஸ்டல்ல."

"ஹாஸ்டல்ல அமாவாசையாவது பௌர்ணமியாவது, ராத்திரி சோறும் சாம்பாரும்தான். அமாவாசை ராத்திரி சோறு பொங்காம பலகாரம் பண்ணுத வீட்டு ஆளுதான் அப்படிக் கேக்க முடியும். தன் வீட்டுல பலகாரம்னா ஊரு பூரா பலகாரம்தான்னு நெனச்சிருக்கு. பத்து வருசமா மாப்பிள்ளை வீட்டு அடுக்களையை விசாரிச்சே வயித்தைக் கழுவுதவ நான். எந்த வீட்டுல என்னைக்கு என்ன வேகும்னு எனக்குத் தெரியாதா? இப்பச் சொல்லு. கதவு பூட்டின பொறவும் அந்தக் கட்டடத்துக்குள்ள அடுப்பு எரியுத எடம் எது?"

நான் மெதுவாகச் சொன்னேன். "மாடி. சார் வீடு."

மையத்தின் பக்கவாட்டுப் படியில் ஏறி மணியை அடித்தோம். கீழே வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து சேரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தவர் முத்துசுப்பிரமணியன் சாரின் மனைவி காமாக்ஷி மாமி. நாங்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"வாங்கோ. வெயில்ல வந்திருக்கேள். சாப்டாச்சா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கூடத்தின் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். பூ வேலை செய்த உறை, அதன் மேல் குங்குமப் பொட்டு. மகன் ஸ்ரீவத்ஸன் திருச்சிக்குப் படிக்கப் போனதும் அதை மூடிவைத்துவிட்டதாகச் சார் வகுப்பில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதன் ஒயர் இன்னும் ஜன்னல் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அக்கா உறைமேல் கையை வைத்தாள்.

"சூடா இருக்கே மாமி. காய்ச்சலா?"

மாமி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கொழந்தைகள் எல்லாம் வேலைக்குப் போயிட்டு, பசியோட வந்து உக்காந்துண்டு கேள்வி கேக்கறதுகள். பதில் சொல்றவா இருக்கா. ஒரு வாய் சாப்டியான்னு கேக்க ஒருத்தர் இல்லையேன்னு தோணித்து. அவ்வளவுதான்."

"பொறந்த ஊரு?"

"கல்லிடைக்குறிச்சி. மணிமுத்தாத்துத் தண்ணி."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பாசமுள்ள ஒரு மாமி, தெரியாமல் நடந்த தவறு, அத்தோடு முடிந்தது. ஆனால் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கேன் மாமி. ஆரம்பத்துல இந்தப் பய கேள்வி எழுதினதும் உடனே கேட்டீங்க. அப்புறம் பதில் வார வரைக்கும் காத்துக் கிடந்து கடைசியாக் கேட்டீங்க. பசியைப் பத்திக் கவலைப்படுதவங்க எதுக்குக் காத்துக் கிடக்கணும்?"

மாமி என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு, பிடிபட்ட பள்ளிக்கூடப் பெண்ணைப்போலச் சிரித்தார்.

"ரெண்டு நாள்லயே கண்டுபிடிச்சுட்டேன். நான் நடுவுல எழுதினா ஒண்ணும் ஏறலை. கடைசில எழுதினா ஏறித்து. பி.எஸ்ஸி. கணக்கு படிச்சவளோன்னோ? கல்யாணத்துக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்திருக்கேன்."

"டீச்சர் மட்டும்தான் அறிஞ்ச விதியை நீங்களாவே கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றேன்.

"இந்தாத்துல எல்லாரும் சாப்ட்டப்பறம் கடைசில இலை போட்டுக்கறவ நான். கடைசில வரதுக்கு எனக்கு யாராவது சொல்லித்தரணுமா?"

மாமி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மேல்படிப்பு வகுப்புல என்னைச் சேத்துக்கோங்கோன்னு அவர்ட்ட எத்தனையோ தரம் கேட்டாச்சு. ஆத்தை யார் பாத்துப்பான்னார். ஜெயிச்சவாளுக்கு இடம்னு அவரேதானே எழுதிப் போட்டிருக்கார்? இன்னிக்குப் பேரைப் படிக்கறச்சே நேரா போய் நிக்கலாம்னு இருந்தேன்."

"அந்தப் பேரு உங்க பேருன்னு அவருக்குத் தெரியாதே" என்றாள் அக்கா. "வேணி டீச்சர்தான் கள்ளப் பேருல வந்தான்னு நெனச்சிருக்காரு. இந்நேரம் எல்லாருக்கும் முன்னால வச்சுத் திருடின்னு சொல்லிக்கிட்டு இருப்பாரு."

மாமி எழுந்தார். அடுக்களைக்குள் போய் அடுப்பை அணைத்தார். தலைப்பை இடுப்பில் செருகினார். எங்களுக்கு முன்னால் படியில் இறங்கியது அவர்தான்.

கீழே சார் பேசிக்கொண்டிருந்தார். வேணி சுவரோரம் நின்றிருந்தாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள். பிள்ளைகள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"...நம்பிக் கொடுத்த பொறுப்பு இது. அதைப் போய் இப்படி..." என்று சொல்லிக்கொண்டே திரும்பிய சார், வாசலில் மனைவியைக் கண்டதும் நின்றார். "நீ எதுக்குக் கீழ வந்தே? யாராவது வந்திருக்காளா?"

"மணிமுத்தாறு வந்திருக்கு" என்றார் மாமி.

சாருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் மாடியை அண்ணாந்து பார்த்தார். "அந்தக் கம்ப்யூட்டர் ஓடலைன்னு..."

"நீங்க நினைச்சுண்டேள். நான் சொல்லலை. இந்தப் பொண்ணு எனக்கு ஒண்ணும் சொல்லித் தரலை, ஒரு பைசா தப்பு பண்ணலை. திருடின்னு சொல்லணும்னா என்னைச் சொல்லுங்கோ. எல்லாருக்கும் முன்னாடியே சொல்லுங்கோ."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா என் காதுக்குள், "கேஸ்ல ஒப்புதல் வாக்குமூலம் வாங்குதது எப்படின்னு பாத்துக்கோலே" என்றாள்.

சார் வேணியின் பக்கம் திரும்பினார். "வேணி... நான் அவசரப்பட்டுட்டேன். எல்லாருக்கும் முன்னாடி சொன்னதை எல்லாருக்கும் முன்னாடியே வாபஸ் வாங்கிக்கறேன். பையை வெச்சுட்டு உக்காரும்மா. அந்த விதியை மாத்தி எழுதிட்டு, முதல்லேருந்து மறுபடி எண்ணிடலாம்."

வேணி பையை இறக்கினாள். ஆனால் உட்காரவில்லை.

"விதியை நாளைக்கு மாத்துதேன் சார். சாப்டாச்சான்னு கேட்டதுக்கு ஏறினது எது, பதிலுக்கு ஏறினது எதுன்னு பிரிக்க, பழைய கேள்வி ஒண்ணும் இப்ப இல்ல. தப்பா விதி எழுதினது நான். அந்த விதிப்படி விளையாடினது அவங்க. பலகையில எழுதினபடி ஜெயிச்சவங்களுக்கு இடம் குடுத்துரணும். பாயிக்குப் போக வேண்டியது போச்சு. அவருக்கும் ஒரு இடம் குடுங்க, அது என் சம்பளத்துல போட்டும்."

"உன் சம்பளத்துல வேண்டாம்" என்றார் சார். பிறகு மனைவியைப் பார்த்து, கொஞ்சம் கெஞ்சலாகவே, "காமாக்ஷி, ஆத்தை..." என்று ஆரம்பித்தார்.

மாமி அதற்குள் முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டிருந்தார். பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் ஒரு பேனா கடன் வாங்கினார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். கடைசில எழுதறவாளுக்குன்னு வெச்சதால நான் ஜெயிச்சேன். மொதல்ல எழுதறவாளுக்குன்னு மாத்தினா, எதையாவது அவசரமாக் கிறுக்கிட்டு ஓடறவன் ஜெயிச்சுடுவானே? அதுக்கு என்ன பண்ணப் போறேள்?"

வேணி கரும்பலகையில் சார் எழுதியிருந்ததைத் துடைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்தாள்.

"நல்ல கேள்வி. எல்லாரும் நோட்டை எடுங்க."